ஆர்.சி. புக் இல்லையா? அப்போ அது காரே இல்லை!

முதலில் ஒரு கேள்வி. உங்கள் தாத்தா வாங்கிய கார். நாற்பது வருஷமாக உங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான் நிற்கிறது. சாவி உங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. பால் போடுகிறவரிலிருந்து எதிர் வீட்டு மாமி வரை அது யார் கார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆர்.சி. புக் மட்டும் இல்லை. இப்போது சொல்லுங்கள், அந்தக் கார் யாருடையது?

"எங்களுடையதுதான், இதில் என்ன சந்தேகம்?" என்கிறவர்கள் தயவுசெய்து ஏதாவது ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்ட்டரில் போய் அதையே ஒரு தடவை சொல்லிப் பார்க்கவும். பதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "ஆர்.சி. எடுத்துட்டு வாங்க." ஆர்.சி. இல்லாததால்தானே சார் வந்திருக்கிறோம் என்றால், "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது." அவ்வளவுதான். அடுத்த டோக்கன்!

இந்தப் பதிவு அந்த "ஒண்ணும் பண்ண முடியாது"க்கு எதிரானது. ஒன்றும் பண்ண முடியாது என்பது உண்மையே இல்லை. வேறு சிலருக்காக இதே சட்டம் எல்லாம் பண்ணுகிறது. நமக்கு மட்டும்தான் பண்ணுவதில்லை. எப்படி என்று கடைசி வரை பொறுமையாகப் படியுங்கள்.

2021-ல் வந்த நல்ல சேதி (மாதிரி)

2021 ஜூலை 15-ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. விண்டேஜ் வாகனங்களுக்கு என்று தனியாக 81ஏ என்று தொடங்கும் விதிகள். பழைய கார்ப் பிரியர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். பேப்பர்களில் பாராட்டிச் செய்தி வந்தது. விஷயம் இதுதான்:

முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய டூவீலர், கார் எல்லாம் விண்டேஜ் வாகனம். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கனவே நம்பர் உள்ள கார் அதே பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்று வரும் புது வரிசை. தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க... இதற்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். விண்ணப்பித்து 60 நாளுக்குள் சான்றிதழ்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது விண்ணப்பத்தோடு என்னென்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். இன்சூரன்ஸ். கட்டணம். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆன வண்டி என்றால் சுங்கத்துறையின் 'பில் ஆஃப் என்ட்ரி'. இந்தியாவில் ஏற்கனவே பதிவான வண்டி என்றால்... பழைய ஆர்.சி.!

அடடா. அதாவது காகிதம் தொலைந்த காருக்குக் காகிதம் வாங்க, அந்தத் தொலைந்த காகிதம் வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். 50 வருஷத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள்? கார் தயாரான தேதியிலிருந்து இல்லை, முதல் பதிவு ஆன தேதியிலிருந்து. அந்தத் தேதி எதில் இருக்கிறது? ஆர்.சி.யில். சேசிஸில் அடித்திருக்கும் நம்பரைப் பார்த்தே இது எந்த வருஷத்து மாடல் என்று சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் காரின் வயதை கார் சொல்லக்கூடாது, காகிதம்தான் சொல்லவேண்டும். ஆளை நேரில் கொண்டுபோய் நிறுத்தினாலும் 'உயிரோடு இருக்கிறார்' என்று சர்ட்டிஃபிகேட் கேட்கிற ஊரில் இது ஆச்சரியம் இல்லைதான்.

தொலைந்ததிலும் மூன்று ஜாதி

நிறைய பேர் "அதான் டூப்ளிகேட் ஆர்.சி. வாங்கலாமே" என்கிறார்கள். எல்லாக் கேஸும் ஒன்று இல்லை. பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை: ஆர்.சி. தொலைந்துவிட்டது, ஆனால் நம்பர் பிளேட் இருக்கிறது, பதிவும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. இது கொஞ்சம் கொடுத்துவைத்த கேஸ். போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26 போட்டு நகல் ஆர்.சி. கேட்கலாம். தாத்தா காலமாகிவிட்டார் என்றால் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்த்து படிவம் 31. ஆனால் இதற்கெல்லாம் அடிப்படை ஒன்று உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் 'பி ரிஜிஸ்டர்' என்று ஒரு பெரிய பேரேடு இருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வண்டியின் ஜாதகமும் அதில் கையால் எழுதப்பட்டது. உங்கள் கார் இருக்கும் பக்கம் கிடைத்தால் பிழைத்தீர்கள். அந்தப் பேரேட்டைக் கரையான் தின்றிருந்தால், ஆபீஸ் பிரிந்து பிரிந்து இடம் மாறியதில் காணாமல் போயிருந்தால், 'வாஹன்' கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்டிருந்தால், நீங்கள் மூன்றாம் வகைக்குத் தள்ளப்படுவீர்கள்.

இரண்டாம் வகை: தாத்தா 1975-ல் யாரிடமோ கைமாற்றாக வாங்கினார். காசு கொடுத்தார், கை குலுக்கினார், சாவி வாங்கினார். பெயர் மாற்றவில்லை. அந்தக் காலத்தில் இது சர்வ சாதாரணம். இப்போது பெயர் மாற்ற படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து வேண்டும். விற்றவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அவர் பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ, அவர்களுக்கே இப்படி ஒரு கார் இருந்தது தெரியுமோ தெரியாதோ.

மூன்றாம் வகை: நம்பரும் இல்லை, ஆர்.சி.யும் இல்லை. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் மட்டும். இந்தக் கார் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத பேய். நிற்கிறது, ஆனால் இல்லை.

2021 விதிகள் உண்மையில் யாருக்கு உதவியிருக்க வேண்டும்? இரண்டாம், மூன்றாம் வகைக்கு. உதவியது யாருக்கு? ஏற்கனவே எல்லாக் காகிதமும் ஃபைலில் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு. பசித்தவனை விட்டுவிட்டு, சாப்பிட்டு ஏப்பம் விடுகிறவனைக் கூப்பிட்டு விருந்து போட்டிருக்கிறார்கள்.

மயிலாப்பூரில் ஒரு ஹெரால்ட்

என் நண்பன் வீடு மயிலாப்பூரில், குளத்திலிருந்து நடக்கிற தூரம். அவன் வீட்டுக் கொல்லைப்புற ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது. ஹெரால்ட் என்றால் தெரியாதவர்களுக்கு: நம்ம ஊர்க் கார்ங்க! இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக 1959-ல் வந்தது, இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவமைத்தது. அதை 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் தயாரித்தார்கள். இப்போது நாம் ஜூவுக்குப் போகிற வழியில்தான் ஒரு காலத்தில் சென்னையின் சொந்தக் கார் பிறந்தது. கம்பெனி 1980-களின் கடைசியில் உற்பத்தியை நிறுத்தியது. அதனால் "தயாரித்த கம்பெனியிலிருந்து லெட்டர் வாங்கி வாங்க" என்று யாராவது சொன்னால், வாங்க அங்கே ஆள் இல்லை.

நண்பனின் கார் இரண்டாம் வகை. அவன் தாத்தா, கூட வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கியது. 'எம்.எஸ்.' என்று ஆரம்பிக்கும் பழைய மெட்ராஸ் நம்பர். அவனும் அவன் அப்பாவும் நகரத்தில் உள்ள ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஐந்து முறை போனார்கள். முதல் தடவை, இது எங்கள் எல்லையே இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை, கம்ப்யூட்டரில் இந்த நம்பரே வரவில்லை என்றார்கள். மூன்றாம் தடவை லீவு. நான்காம் தடவை, பழைய பேரேட்டில் தேடிச் சொல்கிறோம் என்றார்கள். ஐந்தாம் தடவை ஒருவர் கொஞ்சம் மனிதாபிமானத்தோடு, "தம்பி, எதுக்கு அலையறீங்க? எடைக்குப் போட்டுடுங்க" என்றார்.

வாசலில் இன்னொருவர் காத்திருந்தார். புரோக்கர். "காகிதம்தானே? ரெடி பண்ணிடலாம் சார்." எப்படி? எங்கேயோ உடைத்துப் போட்ட அதே மாடல் வண்டியின் உயிருள்ள ஆர்.சி. இருக்கிறதாம். அதன் சேசிஸ் நம்பரை இந்த வண்டியில் அடித்துவிட்டால் முடிந்தது. பென்சில் பிரிண்ட் எடுத்தால் பொருந்தும்!

இவனும் இவன் அப்பாவும் வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். ஏனென்றால் அது ஃபோர்ஜரி. ஆனால் இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டியது இதைத்தான். உண்மையான சேசிஸ் நம்பரோடு, உண்மையான காரோடு, உண்மையைச் சொல்லிக்கொண்டு போனவனுக்கு வழி இல்லை. நம்பரைச் சுரண்டிப் பொய் நம்பர் அடிக்கத் தயாராக இருப்பவனுக்கு வழி இருக்கிறது. ஒரு சட்டம் நேர்மையானவனை எடைக்கடைக்கும் திருடனை ரோட்டுக்கும் அனுப்புகிறது என்றால், கோளாறு ஆளிடமா சட்டத்திடமா?

அந்த எடைக்குப் போடும் யோசனையாவது சட்டப்படி நடக்குமா? ம்ஹும். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் முறைப்படி கொடுத்து சான்றிதழ் வாங்கவேண்டும் என்றாலும் ஆர்.சி. கேட்பார்கள். ஆக, ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, முறையாக உடைக்கவும் முடியாது. மீதி இருப்பது புதுப்பேட்டைதான். அங்கே கதவு தனி, பானெட் தனி, கியர்பாக்ஸ் தனி என்று போய்விடும். மெட்ராஸின் மோட்டார் சரித்திரம் கிலோ கணக்கில்.

ஓனர் என்றால் யார்?

கொஞ்சம் சட்டம். பயப்படாதீர்கள், சின்ன டோஸ்தான்.

கார் என்பது நிலம் போல இல்லை. அது அசையும் பொருள். 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டப்படி காசு கொடுத்து, பொருளை வாங்கினால் அது உங்களுடையது. ஃப்ரிட்ஜ், மிக்ஸி போலத்தான். ஆர்.சி. என்பது சொத்துப் பத்திரமே கிடையாது. வண்டி அரசுக் கணக்கில் இருக்கிறது என்பதற்கான சான்று.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 2(30)-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவர்தான் 'ஓனர்'. 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிச் சொன்னது. வண்டி கைமாறி கைமாறிப் போயிருந்தாலும், விபத்து நஷ்டஈடு என்று வரும்போது பதிவில் பெயர் இருப்பவர்தான் ஓனர். பாதிக்கப்பட்டவர் யார் யாரிடம் வண்டி போனது என்று தேடி அலையக்கூடாது என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதன் மறுபக்கம் என்ன? 1975-ல் வண்டியை விற்றுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போன மனிதர் இன்னமும் காகிதத்தில் ஓனர். நாற்பது வருஷம் அதைத் துடைத்து வைத்தவர் யாருமே இல்லை. சொத்து ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு வாசல் வேண்டாமா? பதிவில் பெயர் சரியாக இருக்கவேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிற அரசு, சரி செய்ய வருகிறவனைத் துரத்துமா?

வாசல் இருக்கிறது. நமக்கு இல்லை.

இனிதான் என் கோபத்துக்கான உண்மையான காரணம்.

அதே மோட்டார் வாகனச் சட்டம், 51-ஆம் பிரிவு, 5-ஆம் உட்பிரிவு. ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கி நீங்கள் கார் வாங்குகிறீர்கள். தவணை கட்டவில்லை. கம்பெனி வண்டியைத் தூக்கிவிட்டது. நீங்கள் ஆர்.சி. தர மறுக்கிறீர்கள், அல்லது ஊரைவிட்டே ஓடிவிட்டீர்கள். கம்பெனி என்ன செய்யும்? ஆர்.டி.ஓ.விடம் போகும். ஆர்.டி.ஓ. உங்கள் ஆர்.சி.யில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புவார். அதன்பின் பழைய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்காமலேயே அதை ரத்து செய்துவிட்டு, கம்பெனி பெயரில் புது ஆர்.சி. கொடுக்கலாம். கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே அச்சடித்திருக்கிறது!

அடுத்தது 50-ஆம் பிரிவு. அரசு நடத்தும் பொது ஏலத்தில் வண்டி எடுத்தவருக்கு, பழைய ஓனர் கையெழுத்து இல்லாமலேயே படிவம் 32 மூலம் பெயர் மாற்றம் உண்டு.

கொஞ்சம் யோசியுங்கள். பழைய ஓனர் கையெழுத்து இல்லாமல், பழைய ஆர்.சி. இல்லாமல், புதிய ஆர்.சி. கொடுப்பது சட்டத்துக்குத் தெரியாத வித்தை இல்லை. நன்றாகவே தெரியும். நோட்டீஸ் விடு, காத்திரு, ஆட்சேபணை கேள், பிறகு கொடு. ஃபைனான்ஸ் கம்பெனி வந்தால் இந்த வித்தை ஞாபகத்துக்கு வருகிறது. அரசே விற்றால் ஞாபகத்துக்கு வருகிறது. மண்டைவெளியிலிருந்தோ அடையாறிலிருந்தோ ஒரு பேரன் வந்து நின்றால் மட்டும் "ஒண்ணும் பண்ண முடியாது."

பணம் கொடுத்தவனின் சொத்து காப்பாற்றப்படவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தத் தாத்தாவும் பணம் கொடுத்துத்தானே சார் வாங்கினார்?

வெளியூரில் எப்படி?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் 'பாண்டட் டைட்டில்' என்று ஒன்று உண்டு. டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் இல்லாத காரா? காரின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு தொகைக்கு ஒரு ஜாமீன் பத்திரம் வாங்கு. மூன்று வருஷம் அந்த ஜாமீன் நிற்கும். அதற்குள் உண்மையான ஓனர் யாராவது வந்தால் அவருக்கு அதிலிருந்து நஷ்டஈடு. நீங்கள் முழுத் தொகையும் கட்டவேண்டியதில்லை, ஜாமீன் நிறுவனத்துக்கு ஒரு சிறு கட்டணம் கட்டினால் போதும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. அங்கே பழைய கவுன்சில் பேரேடுகளிலிருந்து மத்திய கம்ப்யூட்டருக்கு மாறியபோது, 1983-க்குள் தகவல் தராத பழைய வண்டிகளின் நம்பர்கள் செல்லாமல் போயின. அதாவது நம்ம 'பி ரிஜிஸ்டர்' கதையேதான். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? வி765 என்று ஒரு திட்டம் வைத்தார்கள். பழைய வரி வில்லையோ பழைய லாக் புக்கோ ஏதோ ஒரு ஆதாரத்தைக் காட்டி, அங்கீகரிக்கப்பட்ட பழைய கார் கிளப் ஒன்று பரிசோதித்துச் சான்று கொடுத்தால், அந்தப் பழைய நம்பரே திரும்பக் கிடைக்கும். நம்பரே தெரியாத வண்டிக்கு, அதன் வயதுக்கு ஏற்ற நம்பர். வயதும் தெரியாவிட்டால் 'க்யூ' என்று ஆரம்பிக்கும் நம்பர். ஏதோ ஒரு வாசல் எல்லோருக்கும் உண்டு. இதில் அழகு என்னவென்றால், அவர்களின் பதிவுப் புத்தகத்திலேயே "இது உரிமைக்கான சான்று அல்ல" என்று போட்டிருக்கும். எது என்ன என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை.

நம்ம ஊரிலும் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. சேசிஸ் தகட்டைப் பார்த்தே வருஷம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ராலிக்குக் கொடி அசைக்கும்போது மட்டும் கூப்பிடுவோம். சாட்சிக்குக் கூப்பிட மாட்டோம்.

"ஆனா தம்பி..." என்று வருகிறவர்களுக்கு

*திருட்டுக் கார் எல்லாம் சட்டப்படி ஆகிடுமே?* நியாயமான கேள்வி. இந்த எதிர்வாதத்தில் இது ஒன்றுதான் கனமானது. பதில்: திருட்டு வண்டிகளைத் தேட தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாஹன் சமன்வய்' இருக்கிறது. சேசிஸ், இன்ஜின் நம்பரை அதில் தேடுங்கள். பத்திரிகையில் நோட்டீஸ் விடுங்கள். ஆறு மாசம் காத்திருங்கள். ஜாமீன் வாங்குங்கள். தடயவியல் ஆள் வந்து நம்பர் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். இத்தனையும் தாண்டி வருகிற திருடன், புரோக்கரிடம் போகாமல் ஏன் இங்கே வரிசையில் நிற்கிறான்? இப்போது இருக்கிற முறைதான் ஐயா திருடனுக்கு வசதி. நேர்மையான வாசலை மூடினால் திருட்டு வாசலில்தான் கூட்டம் கூடும்.

*கோர்ட்டுக்குப் போங்களேன்.* போகலாம். உரிமை என்னுடையது என்று அறிவிக்கச் சொல்லி வழக்குப் போடலாம், 1963-ஆம் வருஷத்து குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு அதற்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, உங்கள் உரிமையை மறுக்கிற ஒருவர் இருந்தால் அவர்மேல் வழக்குப் போடுவதற்கு. இங்கே மறுக்கிறவர் யார்? சண்டையே இல்லாத விஷயத்துக்கு யார் மேல் கேஸ் போடுவது? செத்துப்போன மனிதர் மேலா? வருஷக்கணக்கில் வாய்தா வாங்கி, வக்கீல் ஃபீஸ் கட்டி முடிக்கும்போது அது காரின் விலையைத் தாண்டியிருக்கும்.

*பழைய வண்டி புகை கக்கும்.* வருஷத்துக்கு நாலு தடவை ராலிக்குப் போகும் வண்டி. ரோட்டில் தினமும் ஓட்டக்கூடாது என்று அந்த 2021 விதியே கட்டிப்போட்டிருக்கிறது. பாண்டி பஜாரில் ஏ.சி. ஓடவிட்டு டபுள் பார்க்கிங்கில் நிற்கிற புது வண்டிகளைப் பற்றி முதலில் பேசுவோம்.

*இது பணக்காரன் பொழுதுபோக்கு, உனக்கு என்ன கவலை?* இதைத்தான் அடிக்கடி கேட்கிறேன், இதுதான் ரொம்பவும் தப்பான வாதம். பணக்காரனின் காருக்குக் காகிதம் இருக்கிறது, மேனேஜர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். காகிதம் தொலைவது யார் வீட்டில்? வாடகை வீடு மாறியவர்கள், பாகப்பிரிவினையில் பீரோவையே பிரித்துக்கொண்டவர்கள், மழைத் தண்ணீர் உள்ளே வந்தவர்கள் வீட்டில்தான். ஹெரால்ட், பியட், அம்பாசடர், லாம்பி, புல்லட் எல்லாம் நடுத்தரக் குடும்பங்களின் சரித்திரம். தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடரைப் போய்ப் பார்த்திருப்பீர்கள். தலைவர் கார் என்பதால் அதற்குக் கண்ணாடிக் கூண்டு. அதே காலத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ ஒரு கம்பவுண்டரோ சீட்டுப் போட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் பியட்டுக்கு? தார்ப்பாய்கூட மிஞ்சாது. எந்தச் சரித்திரம் மிஞ்சவேண்டும் என்று முடிவு செய்வது ஆர்.சி. புக்கா?

என்னதான் செய்யணும்?

திட்டிவிட்டு ஓடுவது நம் வழக்கம் இல்லை. கேட்பது இவ்வளவுதான்:

1. விண்டேஜ் விதிகளில் "பழைய ஆர்.சி." என்ற இடத்தில் "அல்லது உரிமைக்கான மாற்று ஆதாரம்" என்று சேர்க்கட்டும். பழைய இன்சூரன்ஸ் பாலிசி, ரோடு டாக்ஸ் ரசீது, காரோடு எடுத்த குடும்பப் புகைப்படம், விற்ற ரசீது, உறுதிமொழிப் பத்திரம். எது கிடைக்கிறதோ அது.

2. காரின் வயதை சேசிஸ் நம்பரை வைத்து முடிவு செய்யட்டும். ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரும் ஒரு அங்கீகரிக்கப்பட்ட கிளப் ஆளும் சேர்ந்து பார்த்து எழுதட்டும். விண்டேஜ் வண்டிகளைப் பரிசோதிக்க மாநிலங்கள் குழு அமைக்க அந்த 2021 விதிகளிலேயே இடம் இருக்கிறது. அந்தக் குழுவுக்கு இந்த வேலையையும் கொடுங்கள்.

3. 51(5)-ல் ஃபைனான்ஸ் கம்பெனிக்குச் செய்கிற அதே நோட்டீஸ் முறையை நமக்கும் செய்யட்டும். கடைசியாகத் தெரிந்த முகவரிக்குத் தபால், ஒரு தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம், ஆறு மாசம் அவகாசம்.

4. மூன்று வருஷ ஜாமீன். அதுவரை விற்கத் தடை. அதன்பின் முழு ஆர்.சி.

5. எல்லாவற்றுக்கும் முன்னால், மிச்சம் இருக்கிற பி ரிஜிஸ்டர்களை ஸ்கேன் செய்யுங்கள். கரையானுக்கு 60 நாள் கெடு எதுவும் கிடையாது.

இதில் எதற்கும் பெரிய பட்ஜெட் வேண்டாம். எல்லாமே ஏற்கனவே வேறு வேறு சட்டங்களில், வேறு வேறு ஆட்களுக்காக நடந்துகொண்டிருக்கிற விஷயங்கள்.

அதுவரைக்கும் நாம

சட்டம் மாறும்வரை நம் வீட்டுப் பக்கம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முதலாவது, வீட்டில் பழைய வண்டி இருந்தால் இந்த வாரமே சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், நம்பர் பிளேட் மூன்றையும் ஃபோட்டோ எடுங்கள். துரு ஏறினால் படிக்க முடியாது. இரண்டாவது, பாட்டியின் டிரங்குப் பெட்டி, தாத்தாவின் டயரி, பழைய இன்சூரன்ஸ் ரசீதுகளை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். மூன்றாவது, ஆர்.டி.ஐ. போடுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வரவேண்டும். "இந்த நம்பருக்கான பி ரிஜிஸ்டர் பதிவின் நகல் வேண்டும்" என்று ஒரே வரி கேளுங்கள். கவுன்ட்டரில் வாய்வார்த்தையாக வரும் "இல்லை"க்கும், காகிதத்தில் கையெழுத்தோடு வரும் "இல்லை"க்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாவதை வைத்து மேல்முறையீடு போகலாம். நான்காவது, ரொம்ப முக்கியம்: பெயர் மாற்றாமல் கிடக்கிற வண்டி எதுவாக இருந்தாலும், விற்றவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். உங்கள் ஸ்பிளெண்டரும் ஒருநாள் விண்டேஜ் ஆகும் :-)

என் நண்பன் ஆர்.டி.ஐ. போட்டிருக்கிறான். பதில் வந்தால் சொல்கிறேன். அந்தப் பேரேட்டில் அவன் தாத்தாவுக்கு விற்றவரின் பெயராவது இருக்கும் என்று நம்புகிறோம்.

கடைசியாக ஒன்று. மெட்ராஸில் மோட்டார் காருக்கு நம்பர் கொடுக்க ஆரம்பித்தபோது எம்.சி.-1 என்ற நம்பர் துறைமுகத் தலைவராக இருந்த சர் ஃப்ரான்சிஸ் ஸ்பிரிங்குக்குப் போனது. அதை இன்றும் எழுதுகிறோம், பெருமைப்படுகிறோம். ஏனென்றால் யாரோ ஒரு குமாஸ்தா அன்றைக்கு அதை ஒரு பேரேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தார். எழுதுவதும் காப்பதும் அரசின் வேலை. அரசின் பேரேடு தொலைந்தால் அது அரசின் குறை. அதற்குத் தண்டனை மட்டும் நம் வீட்டு ஷெட்டில் நிற்கிற காருக்கு என்றால், அதைச் சட்டம் என்று சொல்லாதீர்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லுங்கள்.